மீட்டர் பலகைக்குப் பின்னால்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. காசிமேட்டில் அந்த நாட்களில்தான் படகுகளுக்கு வைத்தியம் நடக்கும். மரப்படகின் பலகை இடுக்குகளில் பஞ்சு அடைப்பார்கள், அடிப்பாகத்துக்கு வண்ணம் பூசுவார்கள், இன்ஜினைப் பிரித்து ரிங் மாற்றுவார்கள், வலையைச் சீர்செய்வார்கள். கேபினில் ஸ்டியரிங்குக்கு முன்னால் பதித்திருக்கும் நாலைந்து வட்ட மீட்டர்களுக்கு மட்டும் பெரும்பாலும் முறை வராது. கண்ணாடி மங்கி, ஊசி ஏதோ ஓர் எண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ‘அது செத்துப்போய் வருஷக்கணக்காச்சு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த மீட்டர்களில் பெரும்பகுதி சாகவில்லை என்பதே இந்த அத்தியாயத்தின் கட்சி. இன்ஜினில் ஒரு சென்சார், அதிலிருந்து ஒரு ஒயர் அல்லது மெல்லிய குழாய், பேட்டரியில் இருந்து ஒரு இணைப்பு, திரும்பிப் போக ஒரு எர்த். இத்தனையும் தாண்டித்தான் செய்தி ஊசிக்கு வருகிறது. நம் கண்ணில் படுவது ஊசி மட்டும் என்பதால் பழியும் அதன் மேல் விழுகிறது. வழியை முழுதாகப் பின்தொடர்ந்து பார்த்தால் கோளாறு வேறெங்கோ இருக்கும். அப்படிப் பின்தொடர இயற்பியல் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

பயிற்சிக்காக ஒரு பலகையைக் கற்பனை செய்துகொள்வோம். பழைய மர லாஞ்சில் இருந்து கழற்றியது. ஆயில் மீட்டர், ஹீட் மீட்டர், ஆம்பியர் மீட்டர், ஆர்.பி.எம். மீட்டர், டீசல் மீட்டர் என்று ஐந்து. அதை மணலி புதுநகரில் ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்துப் பிரிக்கப் போகிறோம். இடத்தைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் எண்ணூர்க் கழிமுகமும் கடலும். வடக்கே கொசஸ்தலை ஆறு. தெற்கே மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும். உலோகத்துக்கு இவ்வளவு சோதனை வைக்கும் காற்று தமிழ்நாட்டில் வேறு இடங்களில் எளிதில் அமையாது.

லாரியில் பிறந்தவை

எண்ணூரில் இன்ஜின் செய்த பெரிய பெயர் அசோக் லேலண்ட். 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, 1955இல் பெயர் மாறியது. லாரிக்கும் பஸ்ஸுக்குமான டீசல் இன்ஜினைக் கடல் வேலைக்கு ஏற்ப மாற்றி ஏ.எல்.எம். வரிசையாக விற்றார்கள். ஏ.எல்.எம். 400 என்ற பெயரில் உள்ள 400 சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு. கன அங்குலக் கணக்கு. நம் கணக்கில் ஏறக்குறைய ஆறரை லிட்டர்.

இன்ஜின் லாரியிலிருந்து வந்ததால் மீட்டரும் லாரியிலிருந்தே வந்தது. கோவை பெரியநாயக்கன்பாளையத்து பிரிக்கால் போன்ற நிறுவனங்கள் சாலை வாகனங்களுக்குச் செய்ததையே படகுப் பலகையில் பதித்தார்கள். எந்தத் தாலுகாவிலும் மாற்று கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் லாரிக்கும் படகுக்கும் இரண்டு பெரிய வித்தியாசங்கள் உண்டு. லாரியின் உடம்பு முழுக்க இரும்பு. படகின் உடம்பு மரம் அல்லது ஃபைபர். லாரியின் கேபினுக்குள் உப்பு வராது. படகில் அது எங்கும் இருக்கும். பழைய படகின் மீட்டர் கோளாறுகளை நோண்டிக்கொண்டே போனால் அனேகமாக இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முட்டுவோம்.

வளைந்த குழாயின் கதை

முதலில் ஆயில் மீட்டர். ஐந்தில் இதுதான் உயிருக்குச் சமம். பழைய படகுகளில் இதற்கு ஒயரே கிடையாது. இன்ஜினில் இருந்து ஒரு மெல்லிய தாமிரக் குழாய் நேராக மீட்டரின் முதுகுக்கு வரும். அதற்குள் இருப்பது இன்ஜின் ஆயிலேதான்.

மீட்டரைத் திறந்தால் கேள்விக்குறியைப் போல வளைந்த ஒரு சிறு குழாய் தெரியும். பித்தளை அல்லது வெண்கலம். வட்டக் குழாயல்ல, தட்டையாக நசுக்கப்பட்டது. ஒரு முனை அடைத்திருக்கும், மறுமுனை வழியே ஆயில் வரும். கோடையில் தெருவுக்கு வரும் மெட்ரோ வாட்டர் லாரியைப் பார்த்திருப்பீர்கள். தட்டையாகச் சுருண்டு கிடக்கும் அதன் ஹோஸ், வால்வைத் திறந்ததும் புடைத்து உருண்டு, வளைவை விட்டு நிமிரப் பார்க்கும். மீட்டருக்குள் நடப்பதும் அதே. உள்ளே அழுத்தம் ஏறும்போது தட்டைக் குழாய் உருண்டையாக முயல்கிறது. உருண்டையாக முயன்றால் வளைவு விரிந்தாக வேண்டும். அடைத்த முனை சில மில்லிமீட்டர் நகர்கிறது. அந்தச் சின்ன நகர்வை ஒரு நெம்பும் பற்சக்கரமும் பெருக்கி ஊசியைச் சுழற்றுகின்றன.

பாரிஸைச் சேர்ந்த யூஜின் பூர்தோன் 1849இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நீராவி இயந்திரத்துக்காகச் செய்த ஒரு சுருள் குழாய் தவறுதலாக நசுங்கிவிட, உள்ளே அழுத்தம் செலுத்தி அதை உருட்டப் பார்த்தபோது சுருள் பிரிந்து விரிந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. கொதிகலன்கள் வெடித்து ஆட்கள் மாண்ட காலம் அது. மின்சாரம் வேண்டாத, கையால் செய்யக்கூடிய ஓர் அழுத்தமானி கிடைத்தது பெரிய விடுதலை. வீட்டுக்கு அருகில் உள்ள டயர் கடையிலும், மருத்துவமனை ஆக்சிஜன் சிலிண்டரிலும், மணலி ஆலைகளின் குழாய்ப் பாதைகளிலும் இன்றும் பூர்தோன் குழாய்கள் ஓயாமல் வளைந்து நிமிர்கின்றன. 170 வருடத்துக்கு மேல் அடிப்படை மாறாமல் புழங்கும் அளவுகோல் என்பதால், இதைப் பழுதுபார்க்க ஒருவர் செலவிடும் ஒரு நாள் வீணாகாது என்று நம்புகிறேன்.

இதில் வரும் கோளாறுகள் சில. தாமிரக் குழாய் அதிர்ந்து அதிர்ந்து இறுகி, நட்டுக்குப் பக்கத்தில் விரிசல் விடும். அதனால்தான் தெரிந்த மெக்கானிக்குகள் இன்ஜின் பக்கத்தில் குழாயை ஒரு சுற்றுச் சுற்றி விடுகிறார்கள். அதிர்வை அந்தச் சுற்று வாங்கிக்கொள்ளும். இறுகிய குழாயைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சி ஆற விட்டால் மறுபடி இளகும். ஊசி நடுங்கிக்கொண்டே இருந்தால், பம்ப்பின் துடிப்பு நேரடியாக வருகிறது என்று பொருள். குழாய் வாயில் ஊசித்துளை உள்ள ஒரு தடுப்பு வைத்தால் அடங்கும். இன்ஜின் நின்ற பிறகும் ஊசி பூஜ்யத்துக்கு வராமல் கொஞ்சம் மேலேயே நின்றால், ஒரு காலத்தில் எல்லை மீறிய அழுத்தம் பட்டு குழாய் நிரந்தரமாக விரிந்துவிட்டது. ஊசியைக் கழற்றித் திருப்பி வைத்து ஏமாற்றலாம், ஆனால் அது ஒரு புள்ளியில் மட்டும் சரியாகும். அப்படிப்பட்ட மீட்டரை அலமாரியில் அழகுக்கு வையுங்கள், படகில் வேண்டாம்.

சரிபார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் தரும். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ, பழைய கணக்கில் சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு. மூன்று மாடி வீட்டின் மேல்தொட்டியில் இருந்து தரைத்தளத்துக்கு வரும் குழாயில் மீட்டரை மாட்டுங்கள். தண்ணீர் மட்டத்துக்கும் மீட்டருக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்தால் விடை கையில் இருக்கும்.

கொதிக்கும் ஈதர்

ஹீட் மீட்டர் இரண்டு ஜாதி. பழையதில் ஒயருக்குப் பதில் கம்பிச் சுருள் போர்த்திய மயிரிழைக் குழாய் இருக்கும். அதன் நுனியில் விரலளவு ஒரு குமிழ், இன்ஜினின் தண்ணீர்ப் பாதையில் முங்கிக் கிடக்கும். குமிழுக்குள் ஈதர் போன்ற எளிதில் ஆவியாகும் திரவம். சூடு ஏற ஏற ஆவியின் அழுத்தம் ஏறும்; அந்த அழுத்தம் குழாய் வழியே மேலே போய் மீட்டருக்குள் உள்ள இன்னொரு பூர்தோன் குழாயை நிமிர்த்தும். ஆக இந்த ஹீட் மீட்டரும் உள்ளுக்குள் ஓர் அழுத்தமானிதான்.

டயலைப் பார்த்தே இந்த ஜாதியை அடையாளம் சொல்லலாம். எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சமமாக இருக்காது. ஈதரின் ஆவி அழுத்தம் 40 டிகிரியில் 1.2 வளிமண்டலம், 60இல் 2.3, 80இல் 3.9, 100இல் 6.4 என்று எகிறுகிறது. கீழே 20 டிகிரி ஏறும்போது ஒரு வளிமண்டலம்தான் கூடுகிறது. மேலே அதே 20 டிகிரிக்கு இரண்டரை. எனவே குளிர்ந்த பக்கத்தில் எண்கள் நெருங்கியும், ஆபத்தான பக்கத்தில் அகன்றும் நிற்கும். எந்த இடத்தில் நமக்குத் துல்லியம் வேண்டுமோ அந்த இடத்தில் இயற்கையே துல்லியத்தைக் கொடுத்துவிட்டது. இந்தப் பொருத்தம் எனக்கு எப்போது பார்த்தாலும் மகிழ்ச்சி தரும்.

குழாய் எங்காவது ஒடிந்தால் ஈதர் போய்விடும், மீட்டர் அத்தோடு சரி. வெளிநாட்டில் பழைய வண்டி மீட்பவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மலிவான புது மீட்டர் ஒன்றின் குமிழை உப்பு கலந்த ஐஸில் புதைத்து, உள்ளே உள்ள ஈதர் முழுதும் திரவமாகிக் குமிழுக்குள் அடங்கியதும் குழாயை வெட்டி, பழைய மீட்டரோடு பற்றவைத்துவிடுவார்கள். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. சென்னையில் மே மாதப் பகலில் காற்றே அதைவிடச் சூடு. ஐஸ் சற்றுக் கரைந்தாலும் வெட்டிய வாயில் இருந்து ஆவி பீறிடும். அது ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும் ஆவி. இந்த வேலையைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், வீட்டில் செய்யாதீர்கள். அதைவிட மின்சார வகைக்கு மாறுவது மேல்.

மின்சார வகையில் இன்ஜினில் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும். ஐரோப்பியப் பாணியில் பரவலான ஒரு வகை 40 டிகிரியில் ஏறக்குறைய 290 ஓம், 100 டிகிரியில் 40 ஓமுக்குச் சற்றுக் கீழே காட்டும். சென்சாரைக் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் நுனியை முக்கி, மல்டிமீட்டரை மாட்டி அடுப்பில் வையுங்கள். மணலி புதுநகர் கடல் மட்டத்தில் இருந்து சில மீட்டர் உயரம்தான்; இங்கே தண்ணீர் கொதித்தால் அது 100 டிகிரி. அரசு முத்திரை குத்திய தராசுக்கு நிகரான அளவுகோல் அடுப்பங்கரையில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். சென்சார் தண்ணீரில் முங்கியிருக்கும்வரைதான் அது சொல்வது உண்மை. கழிமுகத்தில் மிதக்கும் பாலித்தீன் பை உறிஞ்சு வாயை அடைத்தால் ஊசி ஏறும், எச்சரிக்கை கிடைக்கும். ஆனால் ஹோஸ் வெடித்து உள்ளே இருந்த தண்ணீர் முழுதும் கொட்டிவிட்டால், சென்சார் வெறும் காற்றில் நிற்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்க ஊசி கீழே இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் ஹீட் மீட்டர் திடீரெனக் குளிர்ந்தால் அது நல்ல செய்தி அல்ல.

எர்த் இல்லாத வீடு

இனி நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம். சிவப்பு பச்சை விளக்கைப் போட்டவுடன் ஹீட் மீட்டர் பத்து டிகிரி ஏறுகிறது, வயர்லெஸ்ஸில் பேச பட்டனை அழுத்தினால் டீசல் மீட்டர் துள்ளுகிறது. இப்படிப்பட்ட படகுகள் நிறைய. மீட்டருக்குப் பேய் பிடித்ததாக நினைத்து மாற்றுகிறார்கள். புது மீட்டரும் அதையே ஆடுகிறது.

மின்னோட்டம் பேட்டரியில் இருந்து புறப்பட்டால் பேட்டரிக்கே திரும்ப வேண்டும். லாரியில் திரும்பும் வழிக்கு ஒயர் போடுவதில்லை, சேஸிஸே வழி. மீட்டரின் தகரக் கூட்டை இரும்பு டேஷ்போர்டில் திருகினாலே எர்த் ஆகிவிடும். அதே மீட்டரைத் தேக்குப் பலகையில் திருகினால் திரும்பும் வழி அறுந்துபோகிறது. யாரோ ஒருவர் ஒரு காலத்தில் எல்லா மீட்டரையும் சேர்த்து ஒரே மெல்லிய ஒயரில் கோத்து இன்ஜினுக்குக் கொண்டுபோயிருப்பார். விளக்கின் எர்த்தும் அதிலேயே ஏறியிருக்கும். பிறகு அந்த இணைப்பில் களிம்பு ஏறும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். களிம்பேறிய இணைப்பின் தடை அரை ஓம். விளக்குகள் இழுக்கும் மின்னோட்டம் 4 ஆம்பியர். ஓம் விதிப்படி அந்த இணைப்பில் மட்டும் 2 வோல்ட் விழுகிறது. மீட்டருக்கு எது பூஜ்யமோ அந்தப் பூஜ்யமே 2 வோல்ட் மேலே போய்விட்டது. சென்சாரோ இன்ஜின் உடம்பில் திருகியிருப்பதால் உண்மையான பூஜ்யத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இந்த 2 வோல்ட் பொய்யை ஊசி விசுவாசமாகக் காட்டுகிறது. விளக்கை அணைத்தால் பொய்யும் மறைகிறது.

கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை மீட்டரின் எர்த் திருகிலும் தொடுங்கள். எல்லா விளக்கும் எரியட்டும். பூஜ்யத்துக்கு ஒட்டி நின்றால் நல்லது. 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைக் கவனியுங்கள். மருந்தும் எளிது. வெள்ளீயம் பூசிய தடித்த தாமிர ஒயர் ஒன்றை இன்ஜின் பிளாக்கில் இருந்து பலகையின் பின்புறம்வரை இழுத்து, அங்கே ஒரு பித்தளைப் பட்டையில் இறக்கி, அதில் இருந்து ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். விளக்குகளுக்கு வேறு எர்த்.

எர்த் சரியான பிறகும் மீட்டர் அசையவில்லையா? சாவியைப் போட்டு, சென்சாரில் இருந்து ஒயரைக் கழற்றுங்கள். ஊசி ஒரு கோடிக்குப் போக வேண்டும். ஒயர் முனையை இன்ஜின் இரும்பில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். மறு கோடிக்குக் கிளம்ப வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் பிழைத்திருக்கின்றன, குற்றவாளி சென்சார். நடக்கவில்லை என்றால் அதே சோதனையை மீட்டரின் முதுகிலேயே செய்யுங்கள். அங்கே ஊசி ஓடினால் இடையில் உள்ள ஒயர் அறுந்திருக்கிறது. அங்கேயும் ஓடாவிட்டால், டெஸ்ட் லாம்ப்பால் சாவிப்பக்க மின்சாரம் வருகிறதா என்று பார்த்த பிறகே மீட்டரைக் குறை சொல்லுங்கள். சில பழைய மீட்டர்களுக்குள் ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்துதான் ஊசி நகரும். அது மெதுவாகத்தான் போகும், பொறுமை வேண்டும்.

இரண்டு பொறிகளையும் சொல்லிவிடுகிறேன். சென்சார் கசியாமல் இருக்க மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவார்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அந்த மரைதான் எர்த். டேப்பைக் கனமாகச் சுற்றினால் கசிவோடு மின்சாரமும் நின்றுவிடும். இன்னொன்று, ஜோடிப் பொருத்தம். அமெரிக்க டீசல் மீட்டருக்கு டேங்க் காலியானால் 240 ஓம், நிறைந்தால் 33. ஐரோப்பிய ஃப்ளோட் யூனிட்டோ காலிக்கு 10, நிறைவுக்கு 180. புதுப்பேட்டையில் ஒன்றும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒன்றும் வாங்கி மாட்டினால், காலி டேங்க்கை நிறைந்ததாக மீட்டர் அறிவிக்கும். கரையில் இருந்து தொலைவில் அந்தப் பொய்யின் விலை பெரிது. மீட்டரையும் யூனிட்டையும் ஒரே குடும்பமாக வாங்குங்கள். 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் மாட்டும் முன்பே பாருங்கள்.

உப்பும் அம்மோனியாவும்

கடல் தண்ணீர் பட்ட இணைப்பு காய்ந்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று தோன்றும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். வடசென்னையின் இரவுகளில் 75 என்பது சாதாரணம். ஆகவே ஒருமுறை உப்பு பட்ட இணைப்பு இங்கே ஒருநாளும் காய்வதில்லை; ஒவ்வொரு இரவும் அது நனைந்து, தாமிரத்தைக் கொஞ்சம் தின்று, பச்சைக் களிம்பாக்கி வைக்கிறது. துடைத்தால் போதாது. முதலில் நல்ல தண்ணீரால், கடைசியில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, உலர்த்தி, பிறகுதான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பற்றவைக்க வேண்டும். 2015 டிசம்பரில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் மணலி புதுநகருக்குள் புகுந்தது. வெள்ளத்தில் முங்கிய எந்த மின்கருவிக்கும் முதல் வைத்தியம் இதுவே: மின்சாரம் கொடுக்கும் முன் நல்ல தண்ணீரில் கழுவுவது.

அம்மோனியா வேறு விதமாகத் தாக்கும். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல்விட்டன. அவற்றைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்தில் இருந்து எழும் அம்மோனியா, ஈரம், கூட்டை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிய இழுவிசை மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல் விளக்கம் வெளியானது. இழுத்து வளைத்துச் செய்த பித்தளைக் குழாய் எதற்கும் இந்த நோய் வரலாம்; பூர்தோன் குழாயும் அப்படித்தான் செய்யப்படுகிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயில் இருந்து அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளைவிட்டு ஓடினார்கள். அப்படிப்பட்ட காற்று வீசும் ஊரில் மீட்டரைத் துடைக்க அம்மோனியா கலந்த கண்ணாடி திரவத்தைக் கையில் எடுப்பவரை நான் தடுப்பேன்.

திறக்கும்போது

மீட்டரின் முகப்பு வளையத்தை விளிம்பில் மடித்து அழுத்தியிருப்பார்கள். மழுங்கிய தகட்டால் ஒரு சுற்றுக்குக் கொஞ்சமாக, பல சுற்றுகளில் நிமிர்த்துங்கள். ஒரே இடத்தில் நெம்பினால் கிழியும். பித்தளை வளையத்தைப் புளியால் தேய்க்கலாம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கும், உலோகத்தை அதிகம் தொடாது. கழுவி எடுக்க மறக்கக்கூடாது. டயலின் எழுத்தை மட்டும் தின்னர், ஸ்பிரிட் எதுவும் படாமல் மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். பழைய எழுத்து ஒரு துடைப்பில் போய்விடும், திரும்ப வராது.

பழைய கப்பல், விமானக் கழிவில் இருந்து வந்த மீட்டர் என்றால் திறக்கும் முன் நில்லுங்கள். இருட்டில் ஒளிர எண்களுக்கு ரேடியம் பூசிய காலம் ஒன்று உண்டு. ஒளிரச் செய்யும் துத்தநாக சல்ஃபைடு சில வருடங்களில் செயலிழக்கும். ரேடியம் பாதியாகக் குறைய 1600 வருடம் ஆகும். ஒளிரவில்லை என்பதால் அது அணைந்துவிட்டதாக ஆகாது. எண்கள் பழுப்பேறிய தடித்த பூச்சாக இருந்தால் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

மீதி இரண்டு மீட்டரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் கிடையாது என்பதால் மின்சார ஆர்.பி.எம். மீட்டர் ஆல்டர்னேட்டரின் துடிப்பை எண்ணித்தான் வேகத்தைச் சொல்கிறது. அது நின்றுபோனால் பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று பாருங்கள். பெல்ட் வழுக்கினாலும் இங்கேதான் முதலில் தெரியும். கேபிள் சுழலும் பழைய வகையில் ஒரு காந்தம் சுழன்று, தொடாமலே ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். 1824இல் அரகோ கண்டு, பிறகு ஃபாரடே விளக்கிய விளைவு அது. ஆம்பியர் மீட்டரைப் பற்றி என் தீர்ப்பு கடுமையானது. படகின் சார்ஜ் மின்னோட்டம் முழுதையும் அது தடித்த ஒயர் வழியே மரப்பலகைக்குள் இழுத்து வருகிறது. திருகு தளர்ந்தால் சூடு, சூட்டுக்குப் பக்கத்தில் மரம். அதைக் காட்சிக்கு விட்டுவிட்டு வோல்ட் மீட்டர் மாட்டுங்கள். 24 வோல்ட் படகில் ஓய்வில் 25, ஓட்டத்தில் 28க்கு அருகே இருந்தால் நலம்.

இத்தனைக்கும் ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. அனுபவப்பட்ட டிரைவருக்கு இன்ஜின் சத்தமே போதும். சிலிண்டர் ஒன்று தவறினால் அவர் காது உடனே சொல்லிவிடும். அந்தக் காதை எந்த மீட்டரும் ஈடுசெய்யாது. ஆனால் ஆயில் அழுத்தம் இறங்குவதற்குச் சத்தம் கிடையாது. பேரிங் தட்டும் சத்தம் கேட்கும்போது பேரிங் தேய்ந்தாகிவிட்டது, கிராங்க் ஷாஃப்ட்டும் கீறியாகிவிட்டது. காதுக்கு எட்டாத அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் ஆயில் மீட்டர் இருக்கிறது. அதன் ஊசி விழுந்தால், பழைய மீட்டர்தானே என்று தட்டிப் பார்க்காமல் முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். சந்தேகத்தை மீட்டர் மேல் திருப்புவதெல்லாம் அதற்குப் பிறகு.

பழைய மீட்டரை எவ்வளவு நன்றாக மீட்டெடுத்தாலும், அதோடு ஒரு ஆயில் பிரஷர் ஸ்விட்சையும் பஸ்ஸரையும் தனி ஒயரில், தனி ஃபியூஸில் சேர்த்துவிடுங்கள். அழுத்தம் அரைக் கிலோவுக்குக் கீழே போனால் அது கத்தும். ராத்திரி ஸ்டியரிங் பிடிப்பவரின் கண் எப்போதும் பலகை மேல் இருக்க முடியாது.